மூன்று மாதமாக ஒரு சப்பாத்து: திருமலையில் மகள் போகும் சித்திர வகுப்பு

முதல் மூன்று மாதம் முடிந்தபோது மகளின் சித்திரக் கொப்பியில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டக்கூடியதாக ஒரு படம்கூட இல்லை. ஒரு சப்பாத்து இருந்தது, ஏழெட்டுத் தடவை. செம்பின் வாய் மட்டும் இருபது முப்பது. அப்புறம் கதிரைக் கால்களுக்கு நடுவில் இருக்கிற வெற்று இடங்கள், கதிரையைக் காணோம். "இதுக்கா மாசம் ரெண்டாயிரத்தைந்நூறு?" என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான், ஆனால் சேர்த்துவிட்டது நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. இப்போது பத்து மாதம் ஆகிறது, இனி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வகுப்பின் பெயரைப் போடவில்லை. எழுதட்டுமா என்று படிப்பிக்கிற சேரிடம் கேட்டேன். "எழுதுங்கோ தங்கச்சி, பேர் மட்டும் வேண்டாம், இருக்கிற பதினெட்டுப் பிள்ளையளுக்கே வாங்கு காணாது" என்றார். திருகோணமலை சின்ன ஊர்தான், இரண்டு பேரிடம் விசாரித்தால் மூன்றாவது ஆள் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். சேர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் காலை எட்டரையிலிருந்து பதினொரு மணி வரை நடத்துகிறார். தரம் 9, 10, 11 பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக.

மகள் இதற்கு முன் வேறொரு வகுப்புக்கு ஒரு வருடம் போனாள். அங்கே சுவரில் சார்ட் தொங்கும், அதைப் பார்த்து வரைந்து பஸ்டல் பூசி, வாரம் ஒரு முழுப் படத்தோடு வீட்டுக்கு வருவாள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, பக்கத்தில் ஒரு குடில், சரிந்த தென்னை. நான் படிக்கிற காலத்தில் வரைந்த அதே படம், நிறம் மட்டும் கொஞ்சம் நல்ல நிறம். இரண்டை பிரேம் போட்டு மாட்டியும் வைத்தோம். திருமலைப் பிள்ளைக்குச் சூரியன் எந்த மலைக்கு நடுவில் உதிக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. டச்பே கடற்கரையில் விடிகாலையில் போய் நின்றால் நேரே கடலுக்குள் இருந்து எழும்பி வருகிறது, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கொப்பியைத் திறந்தால் மட்டும் இரண்டு மலையைத் தேடுகிறாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் ரீச்சர் மேசையில் ஒரு குடம், ஒரு போத்தல், இரண்டு வெங்காயம் வைத்து வரையச் சொன்னாராம். மகள் வரைந்துகொண்டு வந்ததைப் பார்த்தேன், குடம் வடிவாகத்தான் இருந்தது, ஆனால் அது மேசையில் இருந்த குடம் இல்லை. அவள் மனதில் ஏற்கெனவே இருந்த குடம். சித்திரத்தைச் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக எடுக்கிற பிள்ளை சிகிரியா ஓவியங்களைப் பற்றி மனப்பாடம் பண்ணி எழுதிவிடலாம், முன்னால் வைத்த பொருளை எப்படி மனப்பாடம் பண்ணுவது? அதுதான் வகுப்பை மாற்றினோம்.

புது வகுப்பில் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றி முன்னால் வைக்கச் சொன்னார். பத்து நிமிசம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிசம் என்பது ஒரு யுகம், முதலில் சிரிப்பு, பிறகு கிசுகிசு, அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. அடுத்து, கடதாசியைப் பார்க்காமல் சப்பாத்தின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரே கோட்டில் வரைய வேண்டும். "கண் எறும்பு மாதிரி ஊரவேணும், பென்சிலும் அதே வேகத்திலதான் போகவேணும்" என்றார். வந்த படங்களைப் பார்த்தால் லொறி ஏறிய காகம் மாதிரி இருந்தன. நான் விறாந்தை ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் ஒரு கடதாசியைத் தந்தார், என்னுடைய சப்பாத்து பணிஸ் மாதிரி வந்தது.

அந்தக் கோணல் படத்தில் ஒரு விசயம் இருந்தது. முன்பெல்லாம் மகள் சப்பாத்து வரைந்தால் மேலே மூன்று பெருக்கல் குறி போட்டு அதுதான் லேஸ் என்பாள். இந்தப் படத்தில் லேஸ் போகிற ஓட்டை ஒவ்வொன்றும் இருந்தது, ஒன்று கிழிந்திருந்தது, குதிப் பக்கம் தேய்ந்து ஒரு புறம் சரிந்திருந்தது. அந்தச் சப்பாத்து அப்படித் தேய்ந்திருக்கிறது என்று, வாங்கிக் கொடுத்த எனக்கே தெரியாது.

அழிறப்பர் ஒரு மாதத்துக்கு வீட்டில். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, கொப்பி அசிங்கமாகிறதே என்றேன். பிழையான கோட்டை அழித்துவிட்டால் பிள்ளை திரும்பவும் அதே இடத்தில் அதே பிழையான கோட்டைத்தான் போடும், பிழை அங்கேயே இருந்தால்தான் அடுத்த கோடு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று தெரியும் என்றார். வீட்டில் மகளைக் கவனித்தேன், முன்பு செய்ததெல்லாம் அதுதான், அழிப்பதும் அதையே வரைவதும், கடைசியில் கடதாசி ஓட்டை விழுவதும்.

பென்சில் பிடிக்கிற விதத்தையும் மாற்றினார். எழுதுகிற மாதிரி நுனியில் இறுக்கிப் பிடித்தால் விரல் மட்டும்தான் அசையும், கோடு துண்டு துண்டாக மயிர் மயிராக வரும். கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்து, முதலில் காற்றில் இரண்டு தரம் கோட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது தரம் கடதாசியில் இறக்க வேண்டும். இதற்கெல்லாம் நல்ல கடதாசி வாங்கச் சொல்லவில்லை, பழைய வீரகேசரியை விரித்து அதன் மேலேயே வட்டம், நீள்வட்டம், புள்ளிக்குப் புள்ளி கோடு. எங்கள் வீட்டில் மீன் சுற்றப் பேப்பர் இல்லாமல் போனது அந்த மாதம்தான்.

பென்சில் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பென்சில் கொண்ட பெட்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். சேர் அதில் எச்பி, 2பி, 6பி மூன்றை எடுத்துத் தந்துவிட்டு மற்றதையெல்லாம் திருப்பி வீட்டுக்கு அனுப்பினார். பென்சிலுக்குள் இருப்பது ஈயம் இல்லை, காரீயம் (கிராபைட்), அதுவும் களிமண்ணோடு கலந்தது, களி கூடினால் கடினம், குறைந்தால் கருமை, இந்தக் கலவை முறைக்குப் பிரான்சில் கொன்ரே என்பவர் 1795இல் உரிமம் எடுத்தார் என்றெல்லாம் ஒரு குட்டிக் கதை சொன்னார். நம் நாட்டில் போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிற காரீயம் உலகத்திலேயே மிகச் சுத்தமான வகை என்றதும் பிள்ளைகள் பென்சில் கூரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைக்காரர்களுக்கு என் பங்குக்கு ஒன்று: 2பி என்று அச்சடித்துவிட்டு எச்பி மாதிரிக் கீறுகிற பென்சில்களை விற்காதீர்கள். நல்ல பென்சில் ஒன்றின் விலையில் மலிவானது நாலைந்து வாங்கலாம் என்று நானும் வாங்கினேன், கூர் சீவச் சீவ உள்ளுக்குள் உடைந்து உடைந்து விழுந்தது, கடைசியில் எது இலாபம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

எனக்கு இந்த வகுப்பில் மிகவும் பிடித்தது மாதம் ஒரு முறை வெளியே கூட்டிப் போவது. முதல் தடவை டச்பே கடற்கரை. பென்சிலைக் கிடையாகக் கண்ணுக்கு நேரே பிடியுங்கோ, கடலும் வானமும் சேருகிற கோடு எங்கே நிற்குது எண்டு பாருங்கோ என்றார். பென்சிலின் மேலேயே நின்றது. இப்ப மணலில் இருங்கோ என்றார், இருந்தார்கள், கோடும் கூடவே இறங்கி வந்து பென்சிலில் உட்கார்ந்தது. பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்து கோணேசர் கோயில் மலை உச்சி வரை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டார். கடல் அவ்வளவு கீழே கிடக்கிறதே, கோடும் கீழே போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும்தான். பென்சிலைப் பிடித்தால் கோடு திரும்பவும் கண்ணுக்கு நேரே! எத்தனை வருடமாக அந்த உச்சியில் நின்று கும்பிட்டிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை.

அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்திலேயே நிற்கும் என்பதைச் சித்திரப் புத்தகத்தில் ஒரு வரியில் படிக்கலாம். இந்தப் பிள்ளைகள் அதை மூச்சு வாங்க ஏறிப் படித்தார்கள். கடற்கரையில் நிற்கும்போது கிட்ட நின்ற வள்ளத்தின் கம்பம் அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போனது, மலையிலிருந்து பார்த்தால் வள்ளங்கள் எல்லாம் கோட்டுக்கு நன்றாகக் கீழே, உள்ளே வலை குவிந்திருப்பது வரைக்கும் தெரிகிறது. அடுத்த கிழமை வகுப்பில் செம்பை எடுத்து வைத்தபோதுதான் இரண்டுக்கும் உள்ள தொடர்பு எனக்கே புரிந்தது. செம்பின் வாய் கண்ணுக்கு நேரே இருந்தால் வெறும் கோடு, கீழே இறக்க இறக்க நீள்வட்டம் அகலமாகத் திறக்கும். அதனால் செம்பின் அடி, வாயை விட இன்னும் கீழே இருப்பதால், இன்னும் வளைந்துதான் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் அடியை நேர்கோடாக வெட்டி வைத்திருந்தார்கள், மேசை தட்டை, அதனால் அடியும் தட்டை என்று. இருபது முப்பது செம்பு வாய் அப்படித்தான் கொப்பிக்குள் வந்தது. வாசல் படிகளில் மேலும் கீழுமாக செம்பை நகர்த்தி நகர்த்தி வரைய வைத்தார். கணவர் கேட்ட அந்த இரண்டாயிரத்தைந்நூறு ரூபாவுக்கு என்னைக் கேட்டால் இது ஒன்றே போதும்.

கோட்டையில் மான்களும் உண்டே. புள்ளிமான் ஒரு இடத்தில் நிற்காது, முப்பது செக்கனில் வரைய வேண்டும், புள்ளியும் வேண்டாம் கண்ணும் வேண்டாம், கழுத்திலிருந்து முதுகு வழியாக வால் வரைக்கும் போகிற ஒரே கோட்டைப் பிடித்தால் போதும் என்றார். இருபது படத்தில் இரண்டு மான் மாதிரி இருந்தது, மிச்சம் ஆடு. ஒரு பிள்ளை கடதாசியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போக, வரையப்பட்ட மானே வந்து அந்தக் கடதாசியைச் சப்பிவிட்டது. நல்ல விமர்சகர்.

கதிரைக் கால் விசயத்துக்கும் வருகிறேன். காளி கோயில் கோபுரத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் சிலைகளை எண்ணத் தொடங்குகிறார்கள், மூன்றாவது சிலையில் களைத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். கோபுரத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றி வெட்டுப்பட்டு நிற்கிற வானத்தை வரையுங்கோ என்பார் சேர். வானத்துக்குக் கையும் இல்லை, மகுடமும் இல்லை, வெறும் வடிவம், அதனால் மனம் குறுக்கே வந்து கதை சொல்லாது. கதிரையும் அப்படித்தான். நாலு காலும் ஒரே நீளம் என்று நமக்குத் தெரிந்திருப்பதால் நாலையும் ஒரே நீளத்துக்கு வரைந்து வைப்போம், கதிரை கவிழ்ந்து விழப்போகிற மாதிரி நிற்கும். நடுவில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் வரைந்துகொண்டு வந்தால் கதிரை தானாக வந்து நிற்கும்.

ஒளி நிழல் பாடம் தற்செயலாகத்தான் நன்றாக நடந்தது. மார்கழி மழை, வெளியே இருட்டு, ஒன்பது மணிக்குக் கரண்டும் போய்விட்டது. மற்ற வகுப்பாக இருந்தால் பிள்ளைகளை அனுப்பியிருப்பார்கள். சேர் குசினியிலிருந்து இரண்டு முட்டையும் ஒரு மெழுகுவர்த்தியும் கொண்டு வந்து வெள்ளைக் கடதாசியில் வைத்தார். ஒரே ஒரு வெளிச்சம் என்பதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: வெளிச்சம் நேரே விழுகிற இடம், மெல்ல மங்குகிற இடம், நல்ல இருட்டு, அந்த இருட்டுக்கும் அப்பால் ஓரத்தில் கடதாசியில் பட்டுத் திரும்பி வருகிற மெல்லிய வெளிச்சம், முட்டை தொடுகிற இடத்தில் கன்னங்கரேல் என்று தொடங்கித் தள்ளிப் போகப் போக மங்குகிற நிழல். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சின்ன விபரங்கள் மறைந்து கருமையும் வெளிச்சமும் மட்டும் நிற்கும் என்றார், வீட்டில் செய்து பாருங்கள், உண்மை. விரலால் தேய்த்துப் பூசுவதற்குத் தடை. தேய்த்தால் முட்டை புகை பிடித்த மாதிரி ஆகிவிடுமாம். முந்திய வகுப்பில் அந்தத் தேய்ப்புக்குத்தான் மகளுக்கு 'வெரி குட்' போட்டார்கள்.

முகம் வரைவது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கண் தலையின் சரி பாதியில் இருக்கிறது என்று சொன்னபோது நான் நம்பவில்லை, வீட்டில் கண்ணாடி முன்னால் அகப்பைக் காம்பை வைத்து அளந்தேன், பாதியில்தான் இருக்கிறது. நெற்றியையும் மயிரையும் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

சரி, இனிக் குறைகள், நிறைய உண்டு.

வாங்குக்கு முதுகு இல்லை. இரண்டரை மணித்தியாலம் அதில் குனிந்து இருந்துவிட்டு வருகிற பிள்ளை வீட்டில் வந்து படுத்துவிடுகிறாள். வெளிச்சம் யன்னலிலிருந்து இடப் பக்கமாக வருகிறது, வலக்கைப் பிள்ளைகளுக்கு அது சரி, ஆனால் இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பையன் இருக்கிறான், அவன் கோடு போடப் போட அவனுடைய கை நிழலே கோட்டின் மேல் விழுகிறது. ஒளி நிழலை அவ்வளவு விளக்கிப் படிப்பிக்கிற மனிதருக்கு இது பத்து மாதமாகக் கண்ணில் படவில்லை. நான் சொன்ன பிறகுதான் அவனை மறுபக்கம் மாற்றி இருத்தினார்.

இரண்டு தடவை அறிவிக்காமல் வகுப்பை நிறுத்தினார். உப்புவெளியிலிருந்து ஓட்டோ பிடித்துப் போய்ப் பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். வட்ஸ்அப் குழு ஒன்று வைத்தால் என்ன சேர் என்றேன், போன் பார்க்கிற பழக்கம் இல்லையாம். கூலியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், வாங்கவில்லை, ஆனால் கோபம் போகவும் இல்லை. போதாததற்கு, சனிக்கிழமை காலை என்பது கணித ரியூசன் நேரத்தோடு மோதுகிறது. எங்களுக்கு அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடிந்தது, எல்லாருக்கும் முடியாது.

பாராட்டவே மாட்டார். நன்றாக இருந்தால் "ம்", இல்லையென்றால் "திரும்பப் பார்". தரம் 9 பிள்ளை ஒன்று இரண்டாவது மாதமே அழுதுகொண்டு நின்றுவிட்டது. அந்தத் தாய்க்கு இந்த வகுப்பைச் சொன்னதும் நான்தான், இப்போது சந்தையில் கண்டாலும் சரியாகக் கதைப்பதில்லை.

பெரிய குறை நிறம். பத்து மாதமாகியும் தூரிகையைத் தொடவில்லை. பரீட்சைக்குக் காட்சி அமைத்து நிறம் தீட்டவும் வேண்டும், அதற்கு நாங்கள் இன்னும் பள்ளிக்கூட ரீச்சரைத்தான் நம்பியிருக்கிறோம். கேட்டால் "முதல்ல பானை நிக்கட்டும், பிறகு நிறம் பூசலாம்" என்கிறார். பானை நின்றுவிட்டது சேர், எப்போது பூசுவது? ஆகவே தரம் 11 இல் கடைசித் தவணையில் இருக்கிற பிள்ளையை இங்கே கொண்டுபோய் விடாதீர்கள், காலமும் காணாது, பிள்ளைக்கும் பதற்றம். தரம் 9 அல்லது தரம் 10 தொடக்கம் என்றால் தாராளமாக அனுப்பலாம்.

புள்ளி கேட்பவர்களுக்கு: இரண்டாம் தவணையில் 58, மூன்றாம் தவணையில் 71. வானளாவிய முன்னேற்றம் இல்லைதான். ஆனால் அந்த 71இல், மேசையில் வைத்த பொருட்களை வரைகிற பகுதியில் மகளுக்குத்தான் வகுப்பில் கூடிய புள்ளி, எந்தக் குடமானாலும் அடி வளைந்திருக்கிறதா என்று இப்போது முதலில் பார்க்கிறாள். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த இரண்டு மலைப் படத்தையும் ஒரு நாள் அவளே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். கணவர் மட்டும் இன்னும் அதைத்தான் வடிவு என்கிறார்.

தைப் பொங்கலுக்குப் பிறகு புதிதாக ஐந்தாறு பிள்ளைகளை எடுப்பதாகச் சொன்னார். போவதென்றால் பழைய பேப்பர் ஒரு கட்டு, கடற்கரை நாட்களில் காற்றுக்குக் கடதாசி பறக்காமல் இருக்க ஒரு தடித்த மட்டையும் இரண்டு கிளிப்பும், வாங்கில் போட ஒரு குஷன். சப்பாத்து பழசாக இருப்பது நல்லது.